அஸ்பெஸ்டஸ் கூரைச் சீற்றைக் கழற்றப் போகிறீர்களா? கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு இதைப் படியுங்கள்

போன புரட்டாதியில் எங்கள் பக்கத்து வளவில் கூரை மாற்றினார்கள். மாரி தொடங்க முன்னம் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம், திருகோணமலையில் அந்த மாதத்தில் எல்லாருக்கும் வருகிற அதே அவசரம்தான். காலை ஏழரைக்கே கிரைண்டர் சத்தம். எட்டிப் பார்த்தால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே நின்ற ஒரு பெடியன், துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றப் பஞ்சிப்பட்டு, போல்ட்டைச் சுற்றிச் சீற்றையே வெட்டி எடுத்துக்கொண்டிருந்தான். அரிதட்டில் மா அரிப்பது மாதிரி வெள்ளையாகத் தூள் இறங்கியது. எங்கள் மதிலோரத்து முருங்கை இலையில், கொடியில் காய்ந்த மகனின் பள்ளிக்கூடச் சட்டையில், மூடாமல் கிடந்த கிணற்றுக்குள், எல்லா இடமும். "தம்பி, அந்தத் தூள் கூடாது, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ" என்று கத்தினேன். "பத்து வருசமா இதைத்தான் வெட்டுறன் அக்கா, எனக்கு என்ன நடந்தது?" என்று சிரித்தான்.

அவனில் எனக்குக் கோபமில்லை. அவன் சொன்னது பொய்யுமில்லை, பத்து வருசத்தில் ஒன்றும் நடந்திருக்காதுதான். இந்தத் தூளின் கள்ளமே அதுதான். மிளகாய்த்தூள் என்றால் அந்த இடத்திலேயே தும்ம வைக்கும், சீமெந்துத் தூள் என்றால் கண் எரியும், தொண்டை கரகரக்கும், ஆள் தானாகவே விலகிப் போவான். அஸ்பெஸ்டஸ் நார் மூச்சோடு உள்ளே போகிறபோது ஒரு இருமல்கூட வராது. வருகிற வருத்தம் இருபது, முப்பது, சில பேருக்கு நாற்பது வருசமும் தாண்டித்தான் தலைகாட்டும். இருபத்திரண்டு வயதில் வெட்டிய சீற்றின் கணக்கு, பேரப்பிள்ளையைத் தூக்கித் திரிகிற வயதில் வந்து நிற்கும்.

பங்குனியில் எங்கள் குசினிக் கூரையையும் கழற்ற வேண்டி வந்தது. பதினொரு சீற். அதே பெடியனைத்தான் கூப்பிட்டேன். அதற்கு முன் இரண்டு கிழமை இதைப் பற்றித் தேடிப் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன், சில பிழைகளும் விட்டேன். அதையெல்லாம் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது என்ன சாமான்

கல்நார் என்பதுதான் இதற்குத் தமிழ்ப் பெயர், அருமையான பெயர். தேங்காய் மட்டையை ஊறப்போட்டுத் தட்டினால் தும்பு பிரிகிறதல்லவா, அதுபோல நார் நாராகப் பிரிகிற கல். ஆனால் தும்பு ஒரு அளவுக்கு மேல் பிரியாது. இது பிரிக்கப் பிரிக்க மெலிந்துகொண்டே போய்க் கடைசியில் கண்ணுக்கே தெரியாத ஊசியாகிவிடும். எங்கள் தலைமயிர் ஒன்றின் தடிப்பு கிட்டத்தட்ட 70 மைக்ரோன் (ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோன்). நெஞ்சுக்குள் போய்க் கேடு செய்கிற நார் 3 மைக்ரோனிலும் மெல்லியது, 5 மைக்ரோனிலும் நீளமானது. வெயில் கதிர் விழுகிற இடத்தில் மிதக்கிறதாக நாங்கள் பார்க்கிற தூசி எல்லாம் இதற்கு அண்ணன்.

கூரைச் சீற்றில் பெரும்பகுதி சீமெந்து. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் நார். அந்த நார்தான் சீற்றுக்குப் பலம், சீமெந்து அதைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் வெடிப்பில்லாத, பொருக்குக் கழராத சீற்றின் கீழே படுத்து எழும்புவதும், அதைக் கிரைண்டரால் வெட்டுவதும் ஒன்றல்ல. இதைப் படித்துவிட்டு இன்றிரவே பிள்ளைகளை முற்றத்தில் படுக்க வைக்க வேண்டாம். சும்மா இருக்கிற சீற் சும்மாதான் இருக்கும். வெட்டினால், துளைத்தால், உடைத்தால், அரம் போட்டுத் தேய்த்தால், காய்ந்த பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டினால் நார் சீமெந்தின் பிடியை விட்டுக் காற்றில் ஏறும்.

உள்ளே போனபிறகு நடப்பது இதுதான். பெரிய தூளை மூக்கும் சளியும் பிடித்துவிடும். மெல்லிய நார் நுரையீரலின் அடி வரைக்கும் இறங்கிவிடும். அங்கே காவலுக்கு இருக்கிற கலங்கள் கிருமியை விழுங்குவது போல இதையும் விழுங்கப் பார்க்கும், ஆனால் நார் கலத்தைவிட நீளம், பாதியில் சிக்கிக் கலம்தான் சாகும். அடுத்தது வரும், அதுவும் சாகும். இப்படி வருசக்கணக்காக நடக்க நடக்க அந்த இடம் புண்ணாகி, தழும்பாகி, நுரையீரல் காய்ந்த பஞ்சு போல இறுகிப் போகும். அதற்குத்தான் அஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர், மூச்சு வாங்கும், மருந்தால் பழையபடி ஆக்க முடியாது. நுரையீரல் புற்றுநோய் வரும். நுரையீரலையும் வயிற்றையும் சுற்றியிருக்கிற மெல்லிய சவ்வில் வருகிற மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்குப் பெரும்பாலும் இந்த நார்தான் காரணம். குரல்வளை, பெண்களுக்குச் சூலகம், இவற்றில் வருகிற புற்றுநோயும் இந்தப் பட்டியலில் உண்டு. உலக சுகாதார அமைப்பின் கணக்கில் வேலையிடத்தில் இந்த நாரைச் சுவாசித்ததால் உலகம் முழுக்க வருசத்துக்கு 200,000 பேருக்கு மேல் சாகிறார்கள்.

"எங்கட சீற் வெள்ளை அஸ்பெஸ்டஸ், அது பாதுகாப்பு" என்று கடையில் சொல்லுவார்கள். நீல அஸ்பெஸ்டஸ் இலங்கையில் 1987இலேயே தடை, அது உண்மை. இப்போது கூரையில் இருப்பது கிரைசோடைல் என்கிற வெள்ளை, அதுவும் உண்மை. ஆனால் வெள்ளை, நீலம், மண்ணிறம் என்று பார்க்காமல் எல்லா வகையையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதலாம் வகுப்பில்தான் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வைத்திருக்கிறது. அப்படியென்றால் ஏன் இன்னும் விற்கிறார்கள்? 2018 தை மாதத்திலிருந்து கட்டுப்படுத்தப் போவதாக அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. 2017 மார்கழியில் எங்கள் தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா தேயிலை வாங்குவதை நிறுத்தியது. எங்கள் நாட்டுக்கு இந்த நார் பெரும்பாலும் வருவதும் ரஷ்யாவில் இருந்துதான். கொஞ்ச நாளில் சீற்றுக்கான கட்டுப்பாடு தள்ளிப் போனது, தேயிலை மறுபடி கப்பலேறியது. வண்டு எங்கே போனது என்று கேட்காதீர்கள்.

கழற்றத்தான் வேண்டுமா

கூரை நல்லாக இருந்தால் கை வைக்காதீர்கள், அதுதான் மலிவான, பாதுகாப்பான வழி. தொட்டால் கையில் வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டுகிறதா, ஓரம் பொரிந்து உதிர்கிறதா, வெடிப்பு நீளமாக ஓடுகிறதா, அப்போதுதான் யோசிக்க வேண்டும். சின்ன வெடிப்பு என்றால் ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கூரைக்குப் பூசுகிற நீர்க்காப்புக் கலவையால் மூடினால் போதும். பெயின்ற் அடிக்கலாம், உள்ளே இருக்கிற நாரை அது பிடித்து வைக்கும், ஆனால் அடிக்க முன்னம் சுரண்டக்கூடாது, மணல்தாள் போடக்கூடாது. பாசி கருப்பாகப் படர்ந்திருந்தால் குளோரின் கரைசலை மெதுவாக ஊற்றிச் சாகவிட்டு, மழையிலேயே கழுவுப்பட விடுங்கள். கார் கழுவுகிற அழுத்த மெசினைக் கூரைக்கு ஏற்றவே வேண்டாம். பாசியோடு சேர்த்து மேல்தோலையும் உரித்து, அந்தச் சேற்றை நாலு வீட்டு முற்றத்துக்குப் பங்கு வைத்துவிடும்.

கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலியைத் துப்புரவு செய்கிறவர்கள் கவனம். பழைய சீற்றிலிருந்து கழன்ற நார் பீலிச் சேற்றில்தான் போய்ச் சேரும். ஈரமாக இருக்கும்போதே அள்ளிப் பையில் கட்டுங்கள், காயவிட்டுத் தட்டாதீர்கள். கூரைத் தண்ணீர் பிடித்துக் குடித்தோமே என்று சிலர் பயப்படுவார்கள். குடிக்கிற தண்ணீரால் வருத்தம் வரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றுதான் உலக சுகாதார அமைப்பு சொல்கிறது, பயம் முழுக்க மூச்சால் போவதில்தான். இருந்தாலும் முதல் மழைத் தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே ஓடவிடுவது எந்தக் கூரைக்கும் நல்ல பழக்கம்.

சீற்றைப் பார்த்து அதில் நார் இருக்கா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது. இப்போது அஸ்பெஸ்டஸ் இல்லாத நார்ச் சீமெந்துச் சீற்றும் அதே சாம்பல் நிறத்தில், அதே வளைவில் வருகிறது. உடைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரசீதோ எழுத்தோ இல்லாத பழைய சாம்பல் சீற் எல்லாம் அஸ்பெஸ்டஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கழற்றுகிற நாள்

நாளைத் தெரிவு செய்வதே பாதி வேலை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வேண்டாம், அந்தக் காற்றில் கொடியில் போட்ட உடுப்பே நிற்காது, தூள் எங்கே நிற்கும்? மாரியிலும் முடியாது. மாசி, பங்குனி எங்கள் ஊருக்குத் தோதான காலம், கடலும் காற்றும் அடங்கியிருக்கும். காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் நிறுத்திவிடுங்கள். பத்துக்குப் பிறகு வருகிற வெக்கையில் எவராலும் மாஸ்க்கை முகத்தில் வைத்திருக்க முடியாது, கழற்றி நெற்றியில் ஏற்றிவிடுவார்கள், அதோடு எல்லாம் போச்சு. பதினொரு சீற்றுக்கு எங்களுக்கு இரண்டு காலை எடுத்தது. எடுக்கட்டும்.

முதல் நாள் பின்னேரமே அயலவருக்குச் சொல்லிவிடுங்கள். உடுப்பு எடுக்கச் சொல்லுங்கள், அந்தப் பக்க யன்னலைச் சாத்தச் சொல்லுங்கள், கிணற்றை மூடச் சொல்லுங்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். உள்ளே இருக்கிற சட்டி பானை, பாய், மெத்தை எல்லாம் வெளியே, தூக்க முடியாதவற்றைப் பொலித்தீனால் மூடி ஒட்டுங்கள். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள், ஏனென்றால் தண்ணீர் அடிக்கப் போகிறோம்.

தண்ணீர்தான் இந்த வேலையின் உயிர். நனைந்த நார் பறக்காது, அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் வெறும் தண்ணீர் சீற்றில் உருண்டு ஓடிவிடும், உள்ளே ஊறாது. ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி கோப்பை கழுவுகிற திரவம் விட்டுக் கலக்குங்கள், அப்போதுதான் நாருக்குள் இறங்கும். பூவாளி இருந்தால் பூவாளி, இல்லையென்றால் ஹோஸ் பைப்பின் வாயை விரலால் மூடாமல் மழைத் தூறல் போல விடுங்கள், பீய்ச்சி அடிக்காதீர்கள். காய்ந்து வருவதாகத் தெரிந்தால் திரும்பவும் நனையுங்கள். இதற்கென்றே ஒரு ஆளைக் கீழே வையுங்கள், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். நனைந்த சீற்றில் கால் வழுக்கும். அதுமட்டுமில்லை, வெயிலில் கிடந்து பழசான சீற் ஆளின் பாரத்தைத் தாங்காது, பெயின்ற்றும் பாசியும் மூடியிருந்தால் வெடிப்பே தெரியாது, ஒரு அடி வைக்கச் சீற்றோடு சேர்ந்து ஆளும் சீமெந்துத் தரையில் கிடப்பான். நார் முப்பது வருசம் எடுக்கும், இதற்கு ஒரு நொடி போதும். அதனால் மேலே ஏறி நின்று கழற்றாதீர்கள். வீட்டுக்குள்ளிருந்து சாரக்கட்டு போட்டு, அல்லது உறுதியான ஏணி வைத்துக் கீழேயிருந்து வேலை செய்யுங்கள். ஏறியே ஆக வேண்டும் என்றால் சீற்றைத் தாங்குகிற வளை மரத்துக்குக் குறுக்கே மூன்று வளையாவது தாங்குகிற நீளப் பலகை போட்டு அதன்மேல்.

அப்புறம் அந்தப் போல்ட். எங்கள் ஊரில் கடற்காற்று எந்த இரும்பையும் ஐந்து வருசத்தில் தின்றுவிடும், கூரைக் கொக்கிப் போல்ட் எல்லாம் நட்டும் தண்டும் ஒன்றாகப் பிடித்துப்போய்க் கிடக்கும். ஸ்பனர் போட்டால் சுற்றாது. சுத்தியலால் அடித்தால் சீற் உடையும். அங்கேதான் எல்லாரும் கிரைண்டரை எடுக்கிறார்கள். நாங்கள் முதல் நாளே ஒவ்வொரு நட்டிலும் துரு இளக்குகிற எண்ணெய் விட்டு வைத்தோம். பதினொரு சீற்றில் பாதிப் போல்ட் காலையில் ஸ்பனருக்கு இளகியது. மற்றதை என்ன செய்வது என்று நான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, பெடியன்தான் சொன்னான், "அக்கா, மேல ஏன் வெட்டுவான், கொக்கி கீழதானே வளையில மாட்டியிருக்கு." உண்மைதான். ஏணியில் நின்று, கீழே வளையைப் பிடித்திருக்கிற கொக்கியின் வளைவைக் கை வாளால் அறுத்தான். இரும்பு மட்டும்தான் அறுபட்டது, சீற்றில் ஒரு கீறல் இல்லை. ஒரு போல்ட்டுக்கு மூன்று நான்கு நிமிசம். பத்து வருசம் கிரைண்டர் பிடித்தவனுக்கு அது புதுசாக இருந்தது, எனக்கு அவன் அதைக் கண்டுபிடித்தது பெரிதாக இருந்தது.

கழற்றுகிற ஒழுங்கு போட்ட ஒழுங்கின் மறுதலை. முகட்டுச் சீற் முதலில், பிறகு மேல் வரிசை, பிறகு கீழ் வரிசை, ஏனென்றால் மேலது கீழதை மூடிக் கிடக்கிறது. ஒரு எட்டடிச் சீற்றை ஒருவர் இழுத்தால் நிச்சயம் எங்கேயாவது முட்டி உடையும், இரண்டு பேர் பிடித்து, கையிலிருந்து கைக்கு இறக்குங்கள். மேலேயிருந்து போடுவது, சாய்த்துச் சறுக்கி விடுவது இரண்டும் கூடாது. எங்களுடையதில் ஒன்று கைநழுவி முற்றத்தில் விழுந்து மூன்றாகப் போனது, எல்லாரும் பேசாமல் நிற்க, தண்ணீர் பிடித்திருந்த என் தங்கச்சிதான் முதலில் அதன்மேல் வாளியைக் கவிழ்த்தாள். செய்ய வேண்டியதும் அதுதான். உடைந்தால் கத்தாதீர்கள், தண்ணீரை ஊற்றுங்கள்.

மாஸ்க்கும் உடுப்பும்

கொரோனா நேரம் வாங்கி மிஞ்சிய நீல மாஸ்க் இதற்கு ஒரு சதத்துக்கும் உதவாது. லேஞ்சியை நனைத்துக் கட்டுவதும் உதவாது, மனத் திருப்திதான். மெல்லிய தூளையும் வடிக்கிற எஃப்எஃப்பி3 அல்லது பி100 வகை மாஸ்க்தான் வேண்டும், என்95 வகை இதற்குப் போதும் என்று நம்ப வேண்டாம். காதில் மாட்டுவதைவிடத் தலையைச் சுற்றி இரண்டு பட்டி வருவதுதான் முகத்தில் இறுகும். போட்ட பிறகு இரண்டு கையாலும் பொத்தி ஊதிப் பாருங்கள், ஓரத்தால் காற்றுப் போனால் நாரும் அதே வழியால் வரும். தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் ஒட்டாது. தாடி எடுக்க முடியாதவர் சீற்றுக்குக் கிட்டப் போகாமல், வேலைக்காரருக்குத் தேநீர் கொடுப்பது, தெருவில் ஆட்களைத் தள்ளி நிறுத்துவது மாதிரி வேலையை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு நாளைக்கு ஒரு மாஸ்க், வியர்வையில் ஊறினால் அடுத்தது. கூலிக்கு வருகிறவர்கள் மாஸ்க் கொண்டுவர மாட்டார்கள், நீங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒரு மூட்டைச் சீமெந்துக் காசுகூட வராது.

உடுப்பு, எறியப்போகிற பழைய நீளக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, தலைக்குத் துணி. மடிப்பு வைத்த காற்சட்டைக் கால் வேண்டாம், தூள் அதில் குந்தியிருக்கும். வேலை முடிந்ததும் அப்படியே வீட்டுக்குள் போகாதீர்கள். வெளியே நின்று மாஸ்க்கோடே உடம்பில் தண்ணீர் ஊற்றி உடுப்பை நனைத்து, உதறாமல் கழற்றிப் பையில் போட்டு, பிறகு தலை முழுகி, கடைசியாகத்தான் மாஸ்க். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். உடுப்பைக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்துத் தோய்க்கச் சொல்வது இருக்கிறதே, அதுதான் இந்த வருத்தத்தின் மிகக் கொடுமையான பக்கம். வேலைத்தலத்தை எட்டியும் பார்க்காத பெண்கள், புருசனின் உடுப்பை உதறித் தோய்த்ததாலேயே மீசோதீலியோமா வந்து செத்த கதைகள் பல நாடுகளின் மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றன. எறிய மனமில்லை என்றால் தனியாக ஊறப்போட்டுத் தனியாகத் தோயுங்கள்.

துப்புரவுக்குத் தும்புத்தடியை எடுக்காதீர்கள், வீட்டு வக்கியூம் மெசினும் வேண்டாம், அது முன்னால் இழுத்துப் பின்னால் ஊதும். நிலத்தை ஈரத் துணியால் துடைத்து, துணியையும் எறியுங்கள். முற்றம் மணலாக இருந்தால் நனைத்து, கண்ணில் படுகிற துண்டெல்லாம் கையுறையோடு பொறுக்கி, மேல் மணலை ஒரு விரற்கிடை அளவுக்கு மண்வெட்டியால் வழித்து அதே பொதியில் போடுங்கள்.

கழற்றியதை எங்கே போடுவது

உண்மையைச் சொன்னால் எனக்கு இதுதான் கூடத் தலையிடி தந்தது. எங்கள் பக்கங்களில் பழைய சீற் எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். கோழிக்கூட்டுக்கு, மாட்டுக்கொட்டிலுக்கு, வேலி அடைக்க, ஒழுங்கையில் மாரிக்குத் தண்ணீர் நிற்கிற பள்ளத்தை உடைத்து நிரப்ப. கடைசியாகச் சொன்னதுதான் ஆக மோசம், ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் அதன்மேல் ஏறி அரைத்துக்கொண்டே இருக்கும், பங்குனி வெயிலில் காய்ந்து பறக்கும், பிள்ளைகள் அதே ஒழுங்கையில்தான் கிரிக்கெட் விளையாடுவார்கள். கடற்கரையில், களப்புக் கரையில் கொட்டுவதும் அதே கதை. நெருப்பில் போட்டால் நார் எரியாது, சீற் பட்டாசு மாதிரி வெடித்துச் சிதறும், அவ்வளவுதான்.

முழுச் சீற்றை ஈரமாகவே அடுக்கி, 200 மைக்ரோனுக்குக் குறையாத தடித்த பொலித்தீனால் இரண்டு சுற்று சுற்றி, மூட்டுகளை அகல ரேப்பால் ஒட்டி, தமிழிலும் சிங்களத்திலும் "அஸ்பெஸ்டஸ், உடைக்க வேண்டாம்" என்று எழுதுங்கள். உடைந்ததைப் பைக்குள் அடைக்க வேண்டும் என்பதற்காக இன்னும் சின்னதாக உடைக்காதீர்கள். உரப்பையில் நேரே போட்டால் நெசவு இடைவெளியால் தூள் வரும், உள்ளே பொலித்தீன் போட்டுப் பிறகு உரப்பை. சாதாரணக் குப்பையோடு சேர்க்காமல், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் உங்கள் உள்ளூராட்சிச் சபையிலும் எழுத்தில் கேளுங்கள். நான் கேட்ட இடத்தில் முதலில் சிரித்தார்கள், பிறகு "குப்பை லொறியில் ஏற்ற மாட்டோம்" என்றார்கள், மூன்றாம் தரம் போனபோதுதான் கடிதத்தை வாங்கி முத்திரை குத்தினார்கள். எந்த வழியும் இல்லாமல் சொந்த வளவில் புதைக்கத்தான் வேண்டுமென்றால், கிணற்றிலிருந்து தள்ளி, முழுசாக, சுற்றியபடியே, மேலே ஒரு மீற்றருக்குக் குறையாத மண் வருகிற ஆழத்தில் புதைத்து, காணி உறுதியோடு சேர்த்து ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். நாளைக்கு அந்த இடத்தில் மலசலகூடக் குழி வெட்டப் போகிறவர் உங்கள் மகனாகவும் இருக்கலாம்.

புயலுக்குப் பிறகு

2020 மார்கழியில் புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கம் கரையேறியபோது கூரை போனவர்களுக்குத் தெரியும், அடுத்த நாள் காலையில் யாரும் மாஸ்க்கைப் பற்றி யோசிப்பதில்லை. சுனாமிக்குப் பிறகும் அப்படித்தான், உடைந்த சீற்றை வெறுங்கையால் அள்ளிக் குவித்தோம். ஒரே ஒரு நல்ல விசயம், புயல் மழையோடுதான் வரும், எல்லாம் நனைந்து கிடக்கும். காயமுன்னம் பொறுக்கிவிடுங்கள், வெயில் வர விட்டுவிட்டு மண்வாரியால் தள்ளாதீர்கள்.

புதுசு போடுகிறபோது

ஓடு நல்லது, குளிர்ச்சி, ஆனால் பாரம், கூரை மரம் தாங்குமா என்று ஓடாவியிடம் கேளுங்கள். தகரம் மலிவு, இலகு, கடற்கரையோரம் என்றால் துருப்பிடிக்காத பூச்சுள்ளதாகப் பார்த்து வாங்கி, கீழே வெக்கை தடுக்கிற வெள்ளித் தாள் விரியுங்கள், இல்லையென்றால் மத்தியானம் குசினிக்குள் நிற்க முடியாது. சீற்தான் போடுவேன் என்றால் அஸ்பெஸ்டஸ் இல்லாதது என்று கேட்டு, ரசீதிலும் அதை எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே இருக்கிற பழைய சீற்றில் அன்ரெனாக் கம்பிக்கோ விளக்குக்கோ ஒரு துளை போட்டே ஆக வேண்டுமென்றால், அந்த இடத்தில் முகச்சவர நுரையைத் தடிப்பாக அப்பி, கையால் சுற்றுகிற துளைப்பானை அதற்குள்ளால் விடுங்கள், தூள் முழுக்க நுரையில் பிடிபடும், ஈரத் துணியால் வழித்து எடுக்கலாம். இதை முதலில் கேட்டபோது பகிடி என்றுதான் நினைத்தேன்.

கூரை மட்டுமில்லை. பழைய வீட்டுச் சீலிங் தட்டைகள், பழைய தண்ணீர்க் குழாய்கள் சில, வாகனத்துப் பிரேக் லைனர் சில. கராஜில் வேலை செய்கிற தம்பிமார் பிரேக் ட்ரம்மைக் கழற்றியதும் கொம்பிரஷர் காற்றால் ஊதுகிறார்களே, அதை விட்டுவிட்டு ஈரத் துணியால் துடையுங்கள்.

ஏற்கெனவே தூள் தின்றவர்கள்

ஒரு நாள் பக்கத்து வீட்டில் வெட்டிய தூள் பட்டது என்பதற்காக இரவில் நித்திரை கெட வேண்டாம். இவ்வளவுக்குக் கீழே ஆபத்தே இல்லை என்று ஒரு கோடு கிடையாது, ஆனால் எவ்வளவு தூள், எத்தனை வருசம் என்பதைப் பொறுத்துத்தான் ஆபத்து ஏறும். கவலைப்பட வேண்டியவர்கள் மேசன்மார், ஓடாவிமார், கூரை வேலையே தொழிலாகச் செய்தவர்கள், கப்பல் கொதிகலன் பக்கம் வேலை செய்த பழைய ஆட்கள். பிரித்தானியக் கடற்படை 1957 வரைக்கும் எங்கள் துறைமுகத்தில் இருந்தது, அந்தக் காலத்துக் கப்பல்களில் நீராவிக் குழாய்க்கெல்லாம் சுற்றியது இந்த நாரைத்தான்.

உள்ளே போன நாரை வெளியே எடுக்க மருந்து இல்லை, இரத்தத்தில் பார்க்கவும் முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம், புகைப்பதை நிறுத்தலாம். தூளும் சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, கிட்டத்தட்டப் பெருக்கல் கணக்கு. படி ஏற மூச்சு வாங்குவது, வாரக்கணக்காக விடாத வறட்டு இருமல், நெஞ்சு நோவு, காரணமில்லாமல் மெலிவது, இதில் ஏதாவது இருந்தால் டொக்டரிடம் போகும்போது "நான் இத்தனை வருசம் அஸ்பெஸ்டஸ் வெட்டினேன்" என்று நீங்களாகவே முதல் வசனத்தில் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆஸ்துமா, காசம் என்று சுற்றிச் சுற்றி மாதங்கள் போய்விடும். சொன்னால்தான் நெஞ்சுப் படமும், மூச்சளவு பார்க்கிற சோதனையும், தேவைப்பட்டால் சீரீ ஸ்கானும் எழுதுவார்கள்.

எங்கள் பதினொரு சீற்றும் இன்னும் வளவின் பின் மூலையில், மாமரத்துக்குக் கீழே, தரையில் படாமல் இரண்டு கொங்கிரீட் கல்லின்மேல் கிடக்கிறது. சபையிலிருந்து பதில் வரவில்லை. வெயிலில் ரேப் இளகுவதால் மாதத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்க்கிறேன், போன கிழமை ஒரு மூலை கிளம்பியிருந்தது, பெடியன் அந்த வழியால் போனவன் கண்டுவிட்டு நின்று, கூட ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனான்.